குளவியும் புழுவும்
இயற்கையில் அச்சமும் சாவும் பற்றிக் கிறித்தவ இறையியலும் சூழலியலும் கூறுவன

கட்டுகஸ்தோட்டையை நடுவாகக் கொண்டு, ஒருநாட் பயணத்திற் சென்று மீளத்தக்க அளவில் ஒரு வட்டம் வரைவோமாயின், அவ்வட்டத்துள் மூவகை அறிவு நிலையங்கள் அடங்கக் காண்போம். ஒருபால், 1893ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக நிறுவிய குருமடம் இருந்த அம்பிட்டி உளது. அக்குருமடம் 1955இற் பூனா நகருக்கு மாற்றப்பட்டபின், இலங்கைக்குரிய தேசிய குருமடம் அவ்விடத்தே நடைபெற்று வருகின்றது. மற்றொருபால், சீர்திருத்தத் திருச்சபைகள் சில ஒன்றுகூடி 1963இல் அமைத்த இறையியற் கல்லூரி பிலிமத்தலாவையில் உளது. இவ்விரண்டிற்கும் இடையே, 1821இல் தொடங்கப்பெற்ற தாவரவியற் பூங்காவையும் நாட்டின் முதற் பல்கலைக்கழகத்தையும் உடைய பேராதனை அமைந்துள்ளது. இவற்றைச் சூழ்ந்து, 1867இலே லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர் மலையெங்கும் பரந்து கிடக்கின்றது. இறைவனைப்பற்றி ஆராய்வோரும், உயிரினங்களைப்பற்றி ஆராய்வோரும், அவ்வுயிரினங்களின் நடுவே கொழுந்து பறித்து வாழ்வோரும் இங்ஙனம் அயலவராய் வாழும் இடம் பிறிதொன்று இந்நாட்டில் இல்லை எனலாம்.

இம்மூவர்க்கும் பொதுவான வினா ஒன்றுண்டு. அஃது இயற்கையிற் காணப்படும் அச்சத்தையும் சாவையும் பற்றியது. ஓருயிர் மற்றோருயிரைக் கொன்று தின்றே வாழ்கின்றது. கொல்லப்படும் உயிர் அஞ்சி நடுங்குகின்றது. இவ்வுலகை அன்பே வடிவான கடவுள் படைத்தார் என்பது உண்மையாயின், இவ்வச்சமும் சாவும் எங்கிருந்து வந்தன? அவை படைப்பின் குறையா, பாவத்தின் கூலியா, அன்றிப் படைப்பின் ஒழுங்கா? இவ்வினாவிற்குக் கிறித்தவ இறையியலார் காலந்தோறும் அளித்த விடைகளையும், சூழலியல் என்னும் இக்கால அறிவியல் அவற்றின்மேற் பாய்ச்சும் ஒளியையும், மலைநாட்டு எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பிற சமயத்தார் தம்முள் எதிர்நோக்கிய ஓர் இடர்ப்பாட்டை நாம் அறிய முற்படுவது, நமக்கும் அவ்விடர்ப்பாடு உண்டு என்பதனாலேயாம்.

வினா கூர்மையடைந்தது ஒரு சிறு பூச்சியினாலாகும். சார்ள்ஸ் டார்வின் 1860ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கத் தாவரவியல் அறிஞரும் பக்தியுள்ள கிறித்தவருமாகிய ஆசா கிறே என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இக்நியூமன் எனப்படும் ஒருவகைக் குளவிகள் தம் முட்டைகளை உயிருள்ள புழுக்களினுள்ளே இடுகின்றன. முட்டையினின்று வெளிப்படும் குளவிக் குஞ்சுகள் அப்புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. புழு உடனே இறப்பின் உணவு கெடுமாதலால், அது நெடுநேரம் உயிரோடே தின்னப்படுகின்றது. அன்பும் எல்லாம் வல்ல தன்மையும் உடைய கடவுள், இதற்கென்றே கருதி இக்குளவியைப் படைத்தார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்பது டார்வின் எழுதியதன் கருத்து. சிங்கமும் புலியும் கொல்வதைக் கண்டு கலங்காத பலர் இக்குளவியைக் கண்டு கலங்கினர்.

இதே காட்சியை நம் முன்னோரும் கண்டனர் என்பது ஈண்டு நினைவு கூரத்தக்கது. சுவர்களில் மண்ணாற் கூடு கட்டும் குளவி, பச்சைப் புழுவைக் கொட்டிச் செயலறச் செய்து, கூட்டினுள்ளே வைத்து வாயை மூடிவிடுகின்றது. சில நாட்களில் அக்கூட்டினின்று புழுவுக்கு மாறாகக் குளவி வெளிவருகின்றது. இதனைக் கண்ட நம்மவர், அடைபட்ட புழு அச்சத்தால் இடைவிடாது குளவியையே நினைந்து நினைந்து தானும் குளவியாயிற்று எனக் கொண்டனர். வடநூலார் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர். பாகவதத்தின் ஏழாம் கந்தத்தில், கஞ்சன் அச்சத்தினாலும் சிசுபாலன் பகைமையினாலும் கண்ணனை இடையறாது நினைந்து அவனை அடைந்தமைக்கு இவ்வுவமையே காட்டப்படுகின்றது. நம் சமய நூல்களிலே, குரு மாணாக்கனைத் தன்மயமாக்குதற்கும் இதுவே உவமையாயிற்று. உயிரியல் கூறும் உண்மை வேறு: புழு குளவியாகவில்லை, குளவிக் குஞ்சுக்கு உணவாயிற்று. ஒரே காட்சி ஒரு நாட்டவர்க்கு அருளின் உவமையாகவும், மற்றொரு நாட்டவர்க்கு அருளை மறுக்கும் சான்றாகவும் தோன்றியமை சிந்திக்கத்தக்கது. இரு திறத்தாரும் புழுவின் அச்சத்தைப் பொருட்படுத்தினர் என்பதும் உடன் நோக்கத்தக்கது.

இனி, கிறித்தவ மறைநூல் இவ்வச்சத்தையும் சாவையும் எங்ஙனம் நோக்குகின்றது என ஆராய்வாம். விவிலியத்தை ஊன்றிப் படிப்போர், அதனுள் இருவேறு நீரோட்டங்கள் அருகருகே ஓடக் காண்பர்.

முதலாவது, சாவு படைப்பின் தொடக்கத்தில் இல்லாதது என்னும் நோக்கு. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில், மனிதனுக்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மரக்கறியே உணவாக அளிக்கப்படுகின்றது. மூன்றாம் அதிகாரத்தில் மனிதன் கட்டளையை மீறியமையால் நிலம் சபிக்கப்படுகின்றது. ஒன்பதாம் அதிகாரத்திலே, பெருவெள்ளம் வற்றியபின், இனி விலங்குகளும் பறவைகளும் மீன்களும் உங்களைக் கண்டு அஞ்சி நடுங்கும் என்று நோவாவுக்குக் கூறப்படுகின்றது. புலாலுண்ணும் உரிமையும் அப்பொழுதே வழங்கப்படுகின்றது. ஏசாயா தீர்க்கதரிசி, ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குவதும் சிங்கம் வைக்கோல் தின்பதுமாகிய வருங்காலம் ஒன்றைக் காண்கிறார். புனித பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தில், சாவு ஒரு மனிதன் வழியே உலகில் நுழைந்தது என்றும், படைப்பு முழுவதும் பிள்ளைபெறும் வேதனைபோன்ற வேதனையால் ஏங்குகின்றது என்றும் கூறுகிறார். இவற்றை ஒருங்கு சேர்த்து நோக்குவோர்க்கு, அச்சமும் சாவும் இடையில் வந்து புகுந்தவை, ஒருநாள் நீங்குபவை என்று தோன்றும்.

இரண்டாவது நோக்கு இதனின் வேறானது. நூற்று நான்காம் சங்கீதத்தில், இரவிலே இரைக்காக முழங்கும் சிங்கக் குட்டிகள் தம் உணவைக் கடவுளிடமே கேட்கின்றன. அவர் தம் கையைத் திறக்க உயிர்கள் நிறைவடைகின்றன. அவர் மூச்சை எடுத்துக்கொள்ள அவை இறந்து மண்ணாகின்றன. மீண்டும் அவர் தம் ஆவியை அனுப்ப நிலத்தின் முகம் புதிதாகின்றது. யோபு ஆகமத்தின் இறுதி அதிகாரங்களிலும், கடவுள் சிங்கத்திற்கும் காக்கைக் குஞ்சுக்கும் இரை தருபவராகவும், குருதி குடிக்கும் கழுகுக் குஞ்சுகளைத் தம் படைப்பின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுபவராகவும் பேசுகின்றார். ஈண்டுச் சாபம் பற்றிய பேச்சே இல்லை. கொல்லும் விலங்கும் கடவுளின் பந்தியில் அமர்ந்து உண்பதாகவே அப்பகுதிகள் கூறுகின்றன.

இவ்விரு நோக்குகளுள் எதனை முதன்மையாகக் கொள்வது என்பதிலே திருச்சபையின் அறிஞர் ஒருமித்தவரல்லர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரேனியு, ஏசாயாவின் காட்சியைச் சொற்பொருளிலேயே கொண்டு, சிங்கம் ஒருநாள் மெய்யாகவே வைக்கோல் தின்னும் என்றார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீனார், விலங்குகள் ஒன்றையொன்று உண்பது அவற்றின் இயல்புக்கேற்ற ஒழுங்கே என்றும், ஒன்று அழிய ஒன்று தோன்றும் தொடரிலே முழுமையின் அழகு உளதென்றும் கருதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினார் இன்னும் தெளிவாக உரைத்தார். இன்று ஊனுண்ணும் சிங்கமும் பருந்தும் மனிதன் பாவம் செய்யுமுன் புல்லுண்டு வாழ்ந்தன என்பாரை அவர் மறுத்தார். மனிதனுடைய பாவத்தினால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை என்பது அவர் துணிபு. அறிவியல் பிறப்பதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த கருத்து இஃது என்பது நோக்கற்பாலது.

இதற்கு எதிர்த்திசையிலே நின்றவர் ஜோன் வெஸ்லி. 1814இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் பள்ளிகளை நிறுவிய மெதடிஸ்த சபையாரின் முதல்வர் அவரே. அவர் 1781இல் எழுதிய பிரசங்கம் ஒன்றிலே, விலங்குகளின் துன்பமும் ஒன்றையொன்று கொல்லும் கொடுமையும் மனிதனின் வீழ்ச்சியாலேயே வந்தன என்றும், ஆதலின் இறுதியில் அவ்விலங்குகளும் மீட்படையும் என்றும் வாதித்தார். அறிவியல் நோக்கில் இது நிற்பதன்று. ஆயினும், விலங்கின் துன்பத்திற்குக் கடவுள் விடையளித்தேயாக வேண்டும் என்னும் நெஞ்சின் குரல் இதிலே கேட்கின்றது.

வெஸ்லி மறைந்து அரை நூற்றாண்டு செல்லுமுன் மண்ணியலார் பாறைகளைப் பிளந்து பார்த்தனர். மனிதன் தோன்றுவதற்குக் கணக்கிடற்கரிய காலத்திற்கு முன் வாழ்ந்த விலங்குகளின் என்புகள் அங்கே கிடந்தன. அவற்றிற் சில, பிற விலங்குகளை விழுங்கியவை. அவை விழுங்கியன கல்லாகி உடனிருந்தன. மண்ணியல் அறிஞரும் குருவானவருமாகிய வில்லியம் பக்லாண்ட், 1839இல் ஒக்ஸ்போர்டிலே இதனையே பொருளாகக் கொண்டு பிரசங்கித்தார். ஆதாமின் பாவத்தால் வந்தது மனிதனுடைய சாவு மட்டுமே. விலங்குகளின் சாவு அத்தீர்ப்பில் அடங்குவதன்று என்பது அவர் முடிபு. இதன்பின் முதலாம் நோக்கினை அதன் பழைய வடிவில் நிலைநாட்டுதல் அரிதாயிற்று. மனிதன் இல்லாத காலத்தில் நிகழ்ந்த சாவுக்கு மனிதனின் பாவத்தைக் காரணமாகக் கூறுதல் எங்ஙனம்?

சாவு பாவத்தால் வந்ததன்று எனின், அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவிற்கு விடை கூறுவது சூழலியல். உயிரினங்கள் ஒன்றோடொன்றும், மண் நீர் காற்று முதலியவற்றோடும் கொண்டுள்ள தொடர்புகளை ஆராயும் இத்துறையின் விடையை நம் மலைநாட்டுத் தேயிலைச் செடியிலேயே கண்டுகொள்ளலாம்.

தேயிலைக்கு வரும் பீடைகளுள் ஒன்று டொட்ரிக்ஸ் எனப்படும் இலை சுருட்டிப் புழு. அது தன் வாய்நூலால் இலைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அம்மறைவிலிருந்து அவற்றைத் தின்னும். இளங்கொழுந்தையே அது நாடுவதால், தோட்டத்தின் வருவாயும் கொழுந்து பறிப்போரின் பிழைப்பும் ஒருங்கே கெடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இப்புழு இலங்கைத் தேயிலைக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு மாற்றுத் தேடினர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவினின்று சிறு குளவியொன்று இங்குக் கொண்டுவந்து விடப்பட்டது. மக்ரோசென்திரஸ் ஹொமோனே என்பது அதன் அறிவியற் பெயர். அது டார்வினைக் கலங்கச் செய்த இக்நியூமன் குளவிகளுக்கு நெருங்கிய உறவினது. தொழிலும் அதுவே: டொட்ரிக்ஸ் புழுவின் உடலினுள்ளே முட்டையிடுகின்றது, ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து பல குஞ்சுகளாகிப் புழுவைத் தின்று தீர்க்கின்றது. அக்குளவி இந்நாட்டில் நிலைபெற்றபின் டொட்ரிக்ஸின் தொல்லை பெரிதும் அடங்கியது. உயிரியற் கட்டுப்பாடு என்னும் முறைக்கு உலக நூல்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வெற்றிகளுள் இஃதும் ஒன்றாகும்.

ஆயின் கதை இத்துடன் முடியவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் அதன்பின்னரும், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழித்தற்பொருட்டு டீல்ட்ரின் என்னும் நச்சு மருந்து தோட்டங்களிலே தெளிக்கப்பட்டது. அம்மருந்து தண்டினுள் இருந்த வண்டைத் தாக்கியதோடு நில்லாது, வெளியே பறந்து திரிந்த குளவியையும் கொன்றது. இலைச் சுருளுக்குள் ஒளிந்திருந்த டொட்ரிக்ஸ் புழுவோ தப்பியது. அடங்கியிருந்த பீடை மீண்டும் தலையெடுத்தது. தன்னைக் கொல்வோன் இல்லாதொழிந்தமையால் புழு பெருகிற்று. புழு பெருகியமையால் செடி நலிந்தது. டீல்ட்ரின், மண்ணிலும் உடலிலும் நெடுங்காலம் தங்கும் நஞ்சு என்பது பின்னர் அறியப்பட்டு, 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் நீக்கப்படவேண்டிய பொருள்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இதனின்று நாம் அறிவது யாது? குளவியின் கொடுமை என நாம் கருதியது, செடிக்கும் அதனை நம்பி வாழும் மனிதர்க்கும் காவலாயிருந்தது. புழுவுக்குச் சாவு இல்லையாயின் செடிக்குச் சாவு வரும்; செடி அழிந்தபின் புழுவுக்கும் உணவில்லை. சாவு என்பது உயிர்த்தொகுதிக்குப் புறத்தேயிருந்து வந்த பகையன்று. அத்தொகுதியை அளவுக்குள் நிறுத்தும் உறுப்புக்களுள் ஒன்று. நூற்று நான்காம் சங்கீதம் பாடியவர் பூச்சியியல் அறிந்தவரல்லர். எனினும், உயிர் எடுக்கப்படுவதும் நிலத்தின் முகம் புதிதாவதும் ஒரே கையின் செயல் என அவர் கண்டது, தேயிலைத் தோட்டத்தில் நாம் கண்டதற்கு மாறானதன்று.

சாவு இவ்வாறாக, அச்சம் எத்தகையது? அச்சமும் ஒரு தொழில் செய்கின்றது என்பது அண்மைக்கால ஆராய்ச்சியின் முடிபு. இரைகௌவிகள் எத்தனை விலங்குகளைக் கொன்றன என்று எண்ணுவதோடு முன்னையோர் அமைந்தனர். பின்வந்தோர், கொல்லப்படாத விலங்குகள் அஞ்சி எவ்விடத்தை விலக்கின, எங்கே மேய்ந்தன, எத்துணை நேரம் தலைநிமிர்ந்து காவல் காத்தன என்பவற்றையும் ஆராயலாயினர். அமெரிக்காவின் யெலோஸ்டோன் காப்பகத்தில் அழிக்கப்பட்டிருந்த ஓநாய்கள் 1995ஆம் ஆண்டு முதல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. அங்குள்ள பெருமான்கள் ஓநாய் உலாவும் இடங்களிற் குட்டிகளோடு மேயும்போது முன்னிலும் மிகுதியாகக் காவல் காத்தமையை ஆய்வாளர் கண்டு, 2001இல் ‘அச்சத்தின் நிலப்படம்’ என்னும் கருத்தை வெளியிட்டனர். மலையும் ஆறும் வரைந்த நிலப்படம் நமக்கு இருப்பதுபோல, மானுக்கு அச்சம் வரைந்த நிலப்படம் ஒன்று உண்டு என்பது இதன் பொருள். அந்த ஓநாய்களால் மரங்கள் எத்துணை மீண்டும் தழைத்தன என்பதில் அறிஞரிடையே வாதம் உளது. அச்சம் விலங்கின் நடையை மாற்றுகின்றது என்பது ஐயத்திற்கிடமின்றித் துணியப்பட்டதேயாம்.

கனடாவில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி இதனினும் வியப்பானது. பாடும் சிட்டுக்களின் கூடுகளை வலையாலும் மின்வேலியாலும் காத்து, எவ்விலங்கும் அணுகாதவாறு செய்தபின், இரைகௌவிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கி வாயிலாகச் சில இடங்களிற் கேட்பித்தனர். ஒரு சிட்டும் அவ்விலங்குகளாற் கொல்லப்படவில்லை. ஆயினும், அக்குரலைக் கேட்ட பறவைகள் ஓராண்டில் வளர்த்த குஞ்சுகளின் தொகை, கேளாதவற்றினும் நூற்றுக்கு நாற்பது குறைந்திருந்தது. 2011இல் வெளியான இம்முடிபு, அச்சம் ஒன்றே உயிர்த்தொகையைக் குறைக்க வல்லது எனக் காட்டிற்று. விலங்கின் உடலைக் காக்கும் அறிகருவியாகிய அச்சம், அவ்விலங்கிற்கு விலையின்றிக் கிடைப்பதன்று.

இவ்விடத்து, நோவாவுக்குக் கூறப்பட்ட சொல்லை மீண்டும் நினைவு கூர்வாம். மானுக்கு ஓநாயிடம் உள்ள அச்சத்தை அது பேசவில்லை. எல்லா உயிர்க்கும் மனிதனிடம் உள்ள அச்சத்தையே பேசுகின்றது. இரைகௌவியின் அச்சத்திற்கு இடமும் காலமும் உண்டு. சிறுத்தை எல்லா இடத்தும் எந்நேரமும் இராது. மனிதன் விளைக்கும் அச்சத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. இலங்கைக் காடுகளில் இரைகௌவிகளுள் தலையானது சிறுத்தை. மரை, பன்றி முதலியன பெருகாது அளவில் நிற்றற்கு அது உதவுகின்றது. அத்தகைய விலங்குகளுள் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று, 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணீர்ப் பகுதியிலே கம்பிக் கண்ணியில் அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. தோட்டங்களை அடுத்து இத்தகைய கண்ணிகள் பெரும்பாலும் பன்றிக்கென்றே வைக்கப்படுகின்றன. ஆனாற் கம்பி ஆளறிந்து இறுக்குவதில்லை. குளவியின் கொலைக்கும் கண்ணியின் கொலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குளவி தனக்குரிய புழுவை நாடுகின்றது. அக்கொலையால் தொகுதி நிலைக்கின்றது. கண்ணியோ எதிர்ப்பட்டதைக் கொன்று தொகுதியின் தலையையே அறுத்துவிடுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், அச்சமும் சாவும் இயற்கையின் ஒழுங்கில் அடங்குவன என்பது பெறப்பட்டது. அதனால் இறையியலாரின் வினா முற்றாகத் தீர்ந்துவிட்டதா எனின், தீரவில்லை என்றே கூறவேண்டும். காட்டுக்கு நன்மை என்பது உண்மையே. கடிபட்ட மானுக்கு அது நன்மையாகுமா? தொகுதி நிலைத்தற்பொருட்டுத் தனியுயிர் பலியாகின்றது எனின், அத்தனியுயிர் கடவுளின் கணக்கில் வெறுங் கருவிதானா? சிட்டுக்குருவி ஒன்றேனும் தந்தையாகிய கடவுளை அன்றி நிலத்தில் விழாது என இயேசுநாதர் மத்தேயுவின் சுவிசேஷத்திற் கூறுகின்றார். குருவி விழாது என அவர் கூறவில்லை. விழும்போது அது தனித்து விழுவதில்லை என்பதே அதன் கருத்தாகக் கொள்ளப்படும். சூழலியல் குருவிகளின் தொகையை நோக்குகின்றது. இச்சொல் ஒரு குருவியை நோக்குகின்றது.

அண்மைக் காலக் கிறித்தவ இறையியலார் இவ்விடர்ப்பாட்டை நேர்நின்று நோக்க முயன்றுள்ளனர். அமெரிக்க மெய்யியல் அறிஞர் ஹோம்ஸ் ரோல்ஸ்டன், துன்பத்தின் வழியே புதுவாழ்வு பிறக்கும் இயற்கையின் அமைப்புக்குச் சிலுவையின் வடிவுண்டு என்றார். ஆங்கிலேயராகிய கிறிஸ்தோபர் சவுத்கேற், 2008இல் வெளியிட்ட நூலிலே, பரிணாமத்தின் பயன் எவ்வளவு பெரிதாயினும் அதனாலே தனியுயிரின் துன்பம் ஈடுசெய்யப்பட்டதாகாது என்று ஒப்புக்கொண்டு, கடவுள் அவ்வுயிரோடு உடன்துன்புறுகின்றார் என்றும் அதற்கும் மறுமையில் நிறைவு உண்டென்றும் கருதினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் விடுத்த சுற்றுமடல், ஏனைய உயிர்கள் மனிதனுக்குப் பயன்படுதற்கென்றே உள்ளவை அல்ல, அவற்றிற்கெனத் தனிமதிப்பு உண்டு என வற்புறுத்திற்று. வெஸ்லியின் நெஞ்சக்குரல் இவர்களிடத்து மீண்டும் ஒலிக்கின்றது. ஆயின், விலங்கின் சாவுக்கு மனிதனின் பாவத்தைக் காரணங் காட்டும் பழைய வாதத்தை இவர்கள் துணைக்கொள்ளவில்லை.

நம் சமயத்தவர்க்கும் இவ்வினா புறம்பானதன்று. இறைவனின் ஐந்தொழில்களுள் அழித்தலும் ஒன்றெனக் கொள்ளும் சைவசித்தாந்தம், அவ்வழித்தலைப் பிறவியில் உழன்று களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதலாக விளக்குகின்றது. சாவைக் கடவுளுக்கு அயலானதாகக் கருதாமையால், அக்குவினார் அரிதின் முயன்று அடைந்த இடத்தில் நாம் தொடக்கத்திலேயே நிற்கின்றோம். ஆயினும், புழுவின் துன்பத்தை அதன் பழவினை எனக் கூறி அமைதல் எளிது, அவ்வெளிமையே ஆபத்தானது. வினை என்பது துன்புறும் உயிரைக் கண்டு முகந்திருப்புதற்கு நாம் தேடும் காரணமாதல் கூடாது. வாடிய உயிரைக் கண்டு தாமும் வாடுதலே நம் சான்றோர் நெறியாகும்.

இவ்வாராய்ச்சியால் மனித வாழ்வுக்குக் கிடைக்கும் பயனைக் கூறாது விடுதல் முறையன்று. இயற்கையின் ஒழுங்கு என்னும் சொல்லை மனிதரின் சாவுக்குப் போர்வையாக்குதல் உலகில் வழக்கமாகிவிட்டது. கோப்பிக் காலத்திலே, தமிழ்நாட்டினின்று வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிக்கு நடந்தனர். மாத்தளையினின்று கண்டிக்கு வரும் அவ்வழி கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடப்பது. வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் களைப்பாலும் இறந்தோர் பலர். காடும் நோயும் இயற்கை. ஆதலின் அச்சாவும் இயற்கை என அந்நாளிற் சொல்லியிருத்தல் கூடும். ஆனால், நல்ல நீரும் தங்குமிடமும் மருத்துவரும் இன்றி ஆயிரக்கணக்கானோரை அவ்வழியே நடக்கச் செய்தது இயற்கையன்று. அது மனிதரின் கணக்கு. இன்றும் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி இறந்த செய்தியை அடிக்கடி படிக்கின்றோம். கூடு கலைந்த குளவி கொட்டுதல் அதன் இயல்பு. கூடிருக்கும் மலையை முன்னரே ஆராயாமையும், கொட்டுண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் இல்லாமையும் அக்குளவியின் இயல்பில் அடங்குவன அல்ல.

ஆகவே, குளவி புழுவைக் கொல்வதற்குக் கடவுள்மேற் குற்றஞ் சாட்டவும் வேண்டா. அதனைக் காட்டி மனிதர் சாவுக்கு அமைதி கூறவும் வேண்டா. முன்னதைச் சூழலியல் நமக்குக் கற்பிக்கின்றது. பின்னதை யோபுவின் வரலாறு கற்பிக்கின்றது. யோபுவின் துன்பத்திற்கு ஏற்ற காரணங்களை அடுக்கிக் கூறிய நண்பர்களைக் கடவுள் கடிந்துகொண்டார். காரணம் கேட்டு முறையிட்ட யோபுவையே சரியாகப் பேசினவன் என்றார். தேயிலைச் செடியின் இலைச் சுருளை விரித்துப் பார்க்கும் மாணவன், அதனுள்ளே ஒரு புழுவின் சாவைக் காண்பான். அச்சாவினால் வாழும் ஒரு மலையையும் காண்பான். இரண்டையும் ஒருங்கே காணும் கண்ணை அவன் பெறுவானாயின், அம்பிட்டியிலும் பிலிமத்தலாவையிலும் பேராதனையிலும் வெவ்வேறாகப் பயிலப்படும் அறிவு அவனிடத்து ஒன்றாயிற்று எனலாம்.